அண்ணனைக் காட்டிக்கொடுத்தவர்

அண்ணனும் அவரும் சேர்ந்து ரயில் பாலத்துக்கு வெடி வைக்க இருந்ததைப் போலீசில் சொல்லி, என் அண்ணனுக்கு எதிராக அப்ரூவரானவர் அவர். ஒல்லியான உடம்பு, காதில் சிவப்புக் கடுக்கன். கோர்ட்டில் வக்கீலின் ஒவ்வொரு கேள்விக்கும் துண்டால் கழுத்தைத் துடைத்துவிட்டே பதில் சொன்னார். அண்ணனுக்குச் சிறை என்று தீர்ப்பானது. எனக்கு அழுகை வரவில்லை.

பிறகு ஒரு சாரல் நாளில் குற்றாலத்தில் எதிரே வந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்து வாத்தியாரம்மா ஆனவள் நான். ஒதுங்கிப் போக மனமில்லை.

"கூட்டாளியக் காட்டிக் குடுத்துட்டு அருவியில குளிக்க வந்தீராக்கும்?"

அவர் கழுத்தைத் துடைத்தார்.

"கடையத்துலேருந்து நீ பள்ளிக்கூடம் போறது அந்தப் பாலத்து மேல போற வண்டியிலதான தங்கச்சி? அண்ணங்கிட்டச் சொன்னேன். 'அவளுக்காவ நிறுத்த முடியுமாலே'ன்னான். அதுக்கப்புறந்தான் போலீசுக்குப் போனேன்."

மாதாமாதம் சிறையில் அண்ணனைப் பார்க்கிறேன். அந்த மனிதர் சொன்னது நிஜமா என்று இன்னும் கேட்கவில்லை.