ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம்

எங்கள் தெருவில் இருக்கும் இந்துக் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு. வந்த சம்பந்தம் பிடிக்கவில்லை என்றால் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிடலாம். யார் மனமும் நோகாது, பழி கிரகங்களுக்குப் போய்விடும். எங்கள் வீடுகளில் ஜாதகம் பார்ப்பதில்லை. அதனால் நாங்கள் வேறொன்று வைத்திருக்கிறோம். "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்." பிடித்த இடத்துக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை. பிடித்திருந்தால் அன்று சாயங்காலமே போன் போட்டு, நிச்சயதார்த்தத்துக்கு எந்த ஞாயிறு வசதி என்று கேட்டுவிடுவோம். ஜெபம் என்ற வார்த்தை வந்தால் கேட்பவர்கள் புரிந்துகொண்டு மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள். முத்தியால்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அதை இங்கேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

என் தங்கையை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அப்போது பாப்பாவுக்கு முப்பத்தெட்டு வயது. அப்பா மில் தொழிலாளி. அவளுக்கு மாப்பிள்ளை தேட வேண்டிய வயதில் மில்லை மூடினார்கள். அடுத்து அப்பா போனார். அதற்கடுத்து அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் இருந்தது, பாப்பாவும் ஒவ்வொரு வருடமும் சரி என்றாள். நர்சரி பள்ளி ஒன்றில் டீச்சர் வேலை. பள்ளிக்குப் போவதற்கு முன் அம்மாவைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி ஊட்டி, என் இரண்டு பிள்ளைகளுக்கும் டிபன் பாக்ஸ் கட்டி, எனக்கும் என் மனைவிக்கும் காபி போட்டு வைத்துவிட்டுப் போவாள். நான் குடித்த தம்ளரை நான் கழுவியதாக நினைவில்லை. பாவம் பாப்பா என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

மூன்று வருடத்துக்கு முன், ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், சாரம் பகுதியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் ஒன்றில் லேப் அசிஸ்டென்ட். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தன் அக்காவோடு வீட்டுக்கு வந்தார். அந்த அக்காவின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆன சொல்தா. அந்தப் பழக்கத்தில் அந்த அம்மாள் காபியை வாங்கும்போது "மெர்சி" என்றார்கள். பாப்பா கிறிஸ்துமஸுக்கு எடுத்த பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள்.

பேச்சுக்கு நடுவில் உள்ளறையில் அம்மா முனகினாள். பாப்பா எழுந்து போனாள். அம்மா தலையணையிலிருந்து சரிந்து கிடந்திருக்கிறாள். தனியாகத் தூக்க முடியாமல் பாப்பா திணறியபோது அந்த மனிதர் கேட்காமலே உள்ளே போய், அம்மாவின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து, ஒரே மூச்சில் நிமிர்த்தி உட்காரவைத்தார். "எம் பொண்டாட்டிக்கு இப்படித்தான் ரெண்டு வருஷம்" என்றார். கதவருகில் நின்றுகொண்டு நான் பாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். யாரோ தன் கையிலிருந்த பாரத்தில் பாதியை வாங்கிக்கொண்டதைப் போல இருந்தது அந்த முகம்.

அவர்கள் போன பிறகு தம்ளர்களைக் கழுவிக்கொண்டே ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுத்தாள். பாப்பா பாடிக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய அண்ணன் நான். எனக்குப் பயம் வந்தது. இவள் போய்விட்டால் அம்மாவை யார் திருப்பிப் படுக்கவைப்பது, பிள்ளைகளை யார் பார்ப்பது, என் காலை நேரம் என்ன ஆகும் என்றுதான் மனம் ஓடியது. மனைவி மேல் பழியைப் போட முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளோ அன்றே, "நல்ல மனுஷனா தெரியறாரு. அத்தைக்கு ஒரு ஆளு வெச்சுப் பாத்துக்கலாம், முடிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டாள். வெளியாளை வீட்டுக்குள் விடுவதா என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

ஒரு வாரம் கழித்து அவருடைய அக்கா போன் செய்தார்கள். என் ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். "எங்களுக்குப் பொண்ண ரொம்பப் புடிச்சிருக்கு தம்பி. உங்க பக்கம் என்ன சொல்றீங்க?"

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்க்கா" என்றேன். "நல்லது தம்பி, பண்ணுங்க" என்று வைத்துவிட்டார்கள்.

பாப்பாவிடம் சொல்லவில்லை. பொய் சொன்ன உறுத்தல் மட்டும் இருந்தது. அந்த உறுத்தலுக்கு நான் கண்டுபிடித்த மருந்தை நினைத்தால் இன்று எனக்கே வெட்கக்கேடாக இருக்கிறது. ஜெபம் பண்ணுகிறேன் என்று சொல்லியாயிற்று, பண்ணிவிட்டால் பொய் இல்லையே என்று கோயில் ஆபீசுக்குப் போய்ப் பணம் கட்டி ஒரு பூசை கொடுத்தேன். உபதேசியார் நோட்டை எடுத்து, "கருத்து என்ன எழுதட்டும்? எதுக்காக வேண்டிக்கணும்?" என்றார். சம்பந்தம் நல்லபடி முடிய என்று சொல்ல வாய் வரவில்லை. முடியக் கூடாது என்று எழுதச் சொல்லவும் முடியாது. "தனிப்பட்ட கருத்துன்னு போடுங்க, பேரு வேணாம்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். கடவுளுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடவுளுக்குத் தெரியத்தான் தெரிந்தது.

அந்த வாரப் பூசையில் கருத்துகளைப் படித்தார்கள். இறந்தவர்கள் பெயர்கள், பிறந்த நாள், நன்றிப் பூசை, கடைசியாக ஒருவருடைய தனிப்பட்ட கருத்து நிறைவேற. கோயிலே ஒரே குரலில் மன்றாடியது. பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் பாப்பா முக்காட்டோடு முட்டி போட்டிருந்தாள். வீட்டுக்கு வந்து தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒரு கருத்து பேரு இல்லாம படிச்சாங்களே, கேட்டியாண்ணா? பேரு போட முடியலன்னா அது எம்மாம் பெரிய கஷ்டமா இருக்கும்? அவங்களுக்காக நான் தனியா ஜெபமாலைல ஒரு பத்து மணி சொன்னேன்."

இரண்டு தோசை கேட்டு வாங்கித் தின்றேன்.

அடுத்த போன் தபசு காலத்தில் வந்தது. தபசில் எங்களுக்குக் கல்யாணப் பேச்சு கிடையாது என்பது எனக்கு அல்வா மாதிரி கிடைத்தது. "தபசு ஆச்சேக்கா, ஈஸ்டர் முடியட்டும்" என்றேன். அந்த நாற்பது நாளும் நான் இறைச்சி தொடவில்லை, சிலுவைப் பாதை ஒன்றைக்கூட விடவில்லை. பரலோக மந்திரத்தில் கடவுளின் சித்தம் நடக்கட்டும் என்கிற இடம் வரும்போது மட்டும் என் வாய் அசையும், சத்தம் வராது. என் ஆசையை அவர் சித்தத்துக்கு வளைக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டுத் தலையாட்டியவன் நான். வளைக்க நேர்ந்தபோது அவருடைய சித்தத்தை என் பக்கம் வளைத்துக்கொண்டேன்.

ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரத்தில் அவரே பேசினார். ஒரு பெண் ஆதார் கார்டை நகல் எடுக்கக் கொடுத்துவிட்டு எதிரில் நின்றிருந்தாள். "சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும். உங்க தங்கச்சிக்கு விருப்பம் இல்லன்னா பரவாயில்ல, நான் தப்பா நெனைக்க மாட்டேன். அவங்க வாயால ஒரு தடவ கேட்டுச் சொல்லிட்டீங்கன்னா போதும்." நிதானமான குரல். தயங்கித் தயங்கித்தான் இவ்வளவும் சொன்னார்.

"எல்லாம் ஆண்டவர் சித்தம் சார். அவரு கதவத் தொறந்தா யாரால மூட முடியும்?" என்றேன். கதவை மூடிப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரியை ஊரில் எல்லோரும் பக்திமான் என்றார்கள், அதுதான் வேடிக்கை.

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டார். இரண்டு மாதத்தில் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகி, பூசையில் ஓலை வாசித்து அறிவித்தார்கள். அதைக் கோயில் வாசலில் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பாப்பா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் துணியிலிருந்து எடுக்காமல், "சாரத்துக்காரங்க ஏதாச்சும் சொன்னாங்களாண்ணா?" என்றாள்.

"அவங்க வேற எடம் பாத்துட்டாங்களாம் பாப்பா. ஆண்டவர் சித்தம்."

"சரிண்ணா" என்றாள். அம்மாவின் நைட்டியை மடித்தவள் அதைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

மறு வருடம் மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். யாரைச் சொல்லி நான் என் தங்கையைப் பிடித்துவைத்தேனோ அந்தக் கட்டில் காலியாகிவிட்டது. வீட்டில் பாப்பா மட்டும் அப்படியே இருந்தாள், டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு. அம்மாவுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் வழியும் அடைந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் கெட்டது. என் சோம்பலுக்கு அம்மாவின் நோயைச் சாக்காக வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். எங்கள் பங்குச் சாமியாருக்கு என் குரல் தெரியும் என்பதால் ஊரின் தெற்குக் கோடியில் இருக்கும் கோயிலுக்கு வண்டியை விட்டேன். பாவத்தைச் சொல்வதிலும் இப்படி ஒரு கெட்டிக்காரத்தனம். என்னைவிட இருபது வயது சின்னவராக இருப்பார் அந்தச் சாமியார். முழுக்கக் கேட்டுவிட்டு, "இது உங்க தங்கச்சிக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது சாமி."

"பாவமன்னிப்பு தரேன். ஆனா நீங்க எடுத்தது ஆண்டவர் பொருள் மட்டும் இல்லீங்க, அவங்களோடதும்தான். அவங்ககிட்டயும் சொல்லுங்க."

எரிச்சலாகத்தான் வெளியே வந்தேன். ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொல்லியிருந்தால் அங்கேயே முட்டி போட்டு முடித்திருப்பேன். பாப்பாவிடம் சொல்ல எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

போன சனிக்கிழமை வைத்திக்குப்பத்திலிருந்து சங்கரா மீன் வாங்கி வந்து கொடுத்தேன். என் மனைவி வேலைக்குப் போயிருந்தாள், பிள்ளைகள் டியூஷனில் இருந்தார்கள். பாப்பா பின்கட்டில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து செதில் எடுக்க ஆரம்பித்தாள். எதிரில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபத்தின் பெயரால் தட்டிக்கழித்ததை, பெயர் போடாத அந்தக் கருத்து என்னுடையது என்பதை, நான் மனதில் கேட்டது என்ன என்பதை. மீன் அவள் கையில் அப்படியே நின்றுவிட்டது.

"எத்தன தடவ போன் பண்ணாங்க?" என்றாள். அவள் முதலில் கேட்டது அதுதான்.

"மூணு தடவ. கடைசியா அவரே பண்ணாரு."

"அவரேவா?"

"ஆமா. உன் வாயால கேட்டுச் சொல்லச் சொன்னாரு."

அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. பொய் சொல்லவில்லை, சந்தோஷம்தான். ஒரு நொடி இருந்தது. பிறகு கண்ணில் தண்ணீர் நிறைந்து, மீன் கையால் துடைக்க முடியாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"எம் மூஞ்சியப் பாத்துட்டு வேணாம்னு போயிட்டாங்கன்னுதான் நெனச்சேன். மூணு வருஷமா கண்ணாடி பாக்கும்போதெல்லாம் அதான் நெனப்பு."

கல்யாணத்தைத் தடுத்தேன் என்றுதான் அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னொன்றையும் எடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. "என்ன மன்னிச்சிடு பாப்பா" என்றேன். என் குரல் உடைந்தது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"மன்னிக்கறதெல்லாம் மன்னிச்சுடலாம்ணா" என்றாள். மீனைச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். "அன்னிக்கி நீ ஆண்டவர் சித்தம்னு சொன்னியா, அதுக்கப்புறம் தெனமும் ஸ்கூல் விட்டு வரும்போது கோயிலுக்குப் போவேன். உம்ம சித்தம் அதுன்னா எனக்குள்ள எதுக்கு இன்னும் இந்த ஆச, எடுத்துடும்னு அழுதுட்டு வருவேன். ஒரு வருஷம் ஆச்சு. எடுத்துட்டாரு. இப்ப யாராச்சும் வந்து கேட்டாக்கூட உள்ள ஒண்ணும் அசையாது."

தண்ணீரை மாற்றி இரண்டாவது முறை அலசினாள்.

"இப்ப நீ வந்து சொல்ற, அது அவரு சித்தம் இல்ல, உன் சித்தம்னு. அப்போ நான் யாருக்குண்ணா அடங்கிப் போனேன்?"

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள், வழியில் உட்கார்ந்திருந்த என்னிடம், "கொஞ்சம் நகரு, கொழம்பு வெக்கணும்" என்றாள். நகர்ந்தேன்.