சமையல்கட்டுச் சுவர்

ஒரு சுவரின் குறையை வைத்து முழு வீட்டுக்கும் பொய் எழுதினீர்கள், இன்ஜினீயர் சார்.

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் வெள்ளைக்காரத் துரைக்காகக் கட்டிய செங்கல் பங்களா அது. துரைகள் போனபின் ஆபீஸாக இருந்தது. சுரங்கத்தை மூடியதும் அதையும் பூட்டிவிட்டார்கள். அதற்குக் காவலிருந்தவர் பழைய சுரங்கத் தொழிலாளி. ஒல்லி உடம்பு, இடது காது கேட்காது. தினமும் காலையில் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு சுவராகத் தட்டி, வலது காதை வைத்துக் கேட்பார். சுரங்கத்தில் தலைக்கு மேலே இருக்கும் பாறையை அப்படித்தான் சோதிப்பார்களாம்; டொப்பென்று கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது, விழப்போகிறது என்று அர்த்தமாம்.

நீங்கள் பார்வையிட வந்தபோது இந்த ஊர்க்காரனான நானும் அங்கே இருந்தேன்.

"இன்னா பெருசு, செவுத்துக்கு ஜுரமா?" என்று சிரித்தீர்கள்.

"எல்லாம் கெட்டியா கீது சார். சமையக்கட்டுச் செவுரு மட்டும் டொப்புன்னு கேக்குது. அத்த மட்டும் பிரிச்சுக் கட்டுனா போதும்" என்றார் அவர்.

அதைக் கேட்டுக்கொண்டு போய், வீடே இடிந்துவிழும் நிலையில் இருப்பதாக அறிக்கை எழுதினீர்கள். இப்போது கதவில் இடிப்பு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.

"வாய மூடிக்கினு இருந்திருக்கலாமேண்ணா!" என்று அவரிடம் கத்தினேன்.

"டொப்புன்னு கேட்டா உடனே சொல்லிடணும்பா. மறைச்சா கீழ நிக்கிறவன் செத்துடுவான். இன்ஜினீயராண்ட சொல்லாம வேற யாராண்ட சொல்றது?"

அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உங்கள் விஷயத்தில் அந்தக் குழப்பம் இல்லை. மற்ற சுவர்களில் என்ன குறை கண்டீர்கள்? இடிக்க ஆள் வருவதற்கு முன்னால், ஊர்க்கூட்டத்தில் நின்று பதில் சொல்லுங்கள்.