பச்சை ஒளியும் வெற்றிலைச் சிவப்பும்

துப்பும் தொட்டியில் சிவந்த தண்ணீர் சுழன்று இறங்கியதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ரத்தமில்லை, வெற்றிலைச் சாறு. துப்பியவர் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் காய்கறி ஏலம் விடுகிறவர். நான் பல் மருத்துவராக வேலை பார்த்த பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் அவரை ஏலக்காரர் என்றே சொல்வோம்.

மேல்வரிசை முன்பல்லில் ஆழமான சொத்தை. வேறோர் இடத்தில் பிடுங்கச் சொன்னார்களாம். மறுத்துவிட்டு எங்களிடம் வந்தார். "பத்துன்னு சொன்னா நாக்கு இந்தப் பல்லுலதானுங்க முட்டுது. பல்லு போச்சுன்னா வெறுங் காத்துதான் வரும். அப்புறம் எவனுங்க என்னைய ஏலம் உடச் சொல்லுவான்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நானும் பத்து என்று சொல்லிப் பார்த்தேன்.

சொத்தைக்கும் நரம்புக்கும் நடுவே மெல்லிய தடுப்புதான் மிச்சம். கொஞ்சம் அதிகமாகச் சுரண்டினாலும் பல் செத்துவிடும். அப்போது எங்களிடம் பச்சை ஒளி தரும் லேசர் ஒன்று வந்திருந்தது. சொத்தையில் மட்டும் ஊறிப் பிடிக்கும் சாயத்தைத் தடவிக் கழுவிவிட்டு ஒளியைப் பாய்ச்ச வேண்டும். சாயம் ஏறிய இடம் ஒளியை விழுங்கிக் கருகும். நல்ல பல் பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் சாயத்தின் நிறம் முக்கியம். பச்சைச் சாயம் பச்சை ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், சிவப்புதான் அதை விழுங்கும். ஆகவே சிவப்புச் சாயம் வைத்திருந்தோம்.

சிகிச்சைக்கு வந்த அன்று ஏலக்காரர் வாயைத் திறந்தார். குழியும் அதன் விளிம்பும் ஒரே சிவப்பு. எத்தனை முறை கழுவியும் போகவில்லை. எது சொத்தை, எது பல் என்று எனக்கே தெரியாதபோது லேசருக்கு எப்படித் தெரியும்? வெற்றிலை போட்டுக்கொண்டா வருவீர்கள் என்று கோபமாகக் கேட்டேன். அவர் குழம்பிப்போனார். "டாக்டரம்மா மூஞ்சிக்கு நேரா வாயத் தொறக்கோணுமுங்களே. நாத்தம் அடிக்கக் கூடாதுன்னு இப்பத்தானுங்க நல்ல வெத்தலையாப் பாத்துப் போட்டுட்டு வந்தேன்." அந்த மரியாதைதான் அவருடைய பல்லுக்கு உலை வைக்கப் பார்த்தது. வெற்றிலையைத் தொடாமல் அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

சொன்னபடி வெற்றிலையை விட்டிருந்தார். ஆனால் சுத்தமாக வர வேண்டுமென்று பல்பொடி போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டு வந்திருந்தார். சிவப்புப் பல்பொடி! தலையில் அடித்துக்கொண்டேன். நல்லவேளை, அது கழுவினால் போகிற சிவப்பு. கழுவித் துடைத்துச் சாயம் வைத்தபோது குழியின் அடியில் அரிசிமணி அளவுக்குத்தான் சிவந்தது. அந்த மணியை மட்டும் கருக்கி எடுத்தேன். நரம்பு பிழைத்தது. குழியைப் பல்லின் நிறத்திலேயே அடைத்து அனுப்பினேன்.

போன மாதம் பொள்ளாச்சி போகும் வழியில் கொழிஞ்சாம்பாறையில் பஸ்ஸை விட்டிறங்கி அந்தச் சந்தைக்குள் போனேன். ஏலக்காரர் புடலங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாகப் போய்த் துப்பினார். மண்ணில் அதே சிவப்பு. திரும்பி வந்து சிரித்தபோது நான் வெள்ளையாக அடைத்த பல்லும் சிவந்திருந்தது. "உங்களப் பாக்க வாரப்ப மட்டும் போட மாட்டனுங்க" என்றார். திட்ட வாயெடுத்தேன். அதற்குள் யாரோ விலை கேட்க, அவர் திரும்பிக் குரல் கொடுத்தார். சந்தை முழுக்கக் கேட்டது, கணீரென்று, பத்து.