ரபீக்குக்கு வராத நிழல் முறை

மேலகரத்தில் ஒரு மாடி அறையில், வளைகுடாவுக்குக் கிளம்பும் ஆண்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுத்தருகிறாள் சமீனா. அவளுடைய முதல் மாணவன் அவள் புருஷன் முகம்மது ரபீக். பாடம் நடந்தது போனில்.

வளைகுடாவில் ஒரு கட்டுமானத் தளத்தில் கம்பி கட்டும் வேலை அவனுக்கு. "இங்கன வெயிலு மண்டையப் பொளக்குது. சூப்பர்வைசர்ட்ட ஹாட் ஹாட்னா, டீ கேக்கேன்னு நெனைக்கான்" என்று சிரித்தான்.

"ஸ்கார்ச்சிங்னு சொல்லுங்க மச்சான். இஸ்திரிப்பெட்டி சட்டையக் கருக்குனாலும் அந்த வார்த்தைதான். வெயிலு பயிரக் கருக்குனாலும் அதான்."

"மனுசனக் கருக்குனா?"

"அதுக்கும் சொல்லலாம்."

"சரிங்க டீச்சரம்மா."

இரண்டு வருடத்தில் ரபீக் சரளமாகப் பேசினான். யாராவது தலைசுற்றி உட்கார்ந்தால், "ஸ்கார்ச்சிங் சார், இவருக்குத் தண்ணி வேணும், நிழல் வேணும்" என்று ஆங்கிலத்தில் கேட்டு வாங்கித் தருவான். அதைப் பார்த்த சூப்பர்வைசர் அவனையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டார். சமீனா அக்கம்பக்கத்துக்கெல்லாம் பாயாசம் கொடுத்தாள்.

ஆட்கள் முறைவைத்து நிழலுக்குப் போனார்கள். எந்தக் கூட்டம் வெயிலில் நின்றாலும் பேச ஒருவன் வேண்டும். ரபீக்குக்கு மட்டும் முறை வரவில்லை.

ஆனியில் குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்தது. "சீசன் முடியுததுக்குள்ள வந்துருவேன்ட்டி. ஐந்தருவில தலையக் கொடுத்து நிக்கணும்."

"லீவு கேட்டீயளா?"

"நானில்லாட்டி வேலை ஓடாதாம்லா!" அவன் குரலில் பெருமை.

அந்த வாரமே தளத்தில் சுருண்டு விழுந்தான். கூட நின்றவர்கள் அவரவர் மொழியில் கத்தினார்கள். சூப்பர்வைசருக்குப் புரியச் சொல்லக்கூடிய ஒரே ஆள் தரையில் கிடந்தான்.

பெட்டியில் அவன் மையத்து வந்த அன்று மேலகரத்தில் சாரல் விடவே இல்லை. குளிர்ந்த மண்ணில் அவனை அடக்கினார்கள்.

வகுப்பை மறுபடி திறந்தபோது, அடுத்த மாதம் கிளம்பவிருந்த துல்கர்னைன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "லாத்தா, ரபீக் காக்கா மாதிரி நானும் பேசிருவேனா?"

சமீனா அவன் பக்கம் திரும்பினாள். "நீ ஒருத்தன் மட்டும் பேசக் கூடாதுலே. ஒங்கூடப் போறவங்க எல்லாத்தையும் கூட்டிட்டு வா."

ஆறு பேர் வந்தார்கள். தண்ணியும் நிழலும் கேட்கும் ரபீக்கின் அதே வாக்கியத்தை ஒவ்வொருவராகச் சொல்லவைத்தாள். தகரக் கூரையில் சாரல் இரைந்தது.

"கேக்கல" என்றாள். "இன்னும் சத்தமா."