கலப்பு அரிசி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிரஸ்பிட்டேரியன் சபை வாசலில் பாட்டுப் புத்தகம் கொடுப்பார் அந்த அங்கிள். கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை. கைக்குட்டையால் துடைக்காமல் ஒரு புத்தகமும் தரமாட்டார்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் சோறு வைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து, புதன்கிழமை வேதபாடத்துக்குக் கொண்டுவருவோம். பொன்னி, பாஸ்மதி, புழுங்கல் எல்லாம் ஒரே டிரம்மில் விழும். செந்தூல் ஃபிளாட்டின் ஏழைக் குடும்பங்களுக்குப் பைபோட்டுக் கொடுப்போம்.

ஒரு புதன்கிழமை அவர்களையே வரச்சொல்லியிருந்தார் சபை மூப்பர். "ஒரு போட்டோ எடும்மா, குரூப்ல போடணும்." போனைத் தூக்கினேன். முதலில் நின்ற அக்கா ஷாலால் முகத்தை மூடிக்கொண்டார்.

"வெட்கப்படாதீங்க லா," என்றார் மூப்பர். அக்கா ஷாலை எடுக்கவில்லை.

அங்கிள் விறுவிறுவென்று வந்து அக்காவை மறைத்து நின்றார்.

"என்னை எடும்மா."

"அங்கிள், இது அரிசி வாங்குறவங்களுக்கு."

"நானும் வாங்கத்தான் நிக்கிறேன்."

மூப்பர் முகம் சிவந்தது. நான் போனை இறக்கிவிட்டேன். அங்கிள் பையை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த புதன் அவர் கொண்டுவந்த பிடி அரிசியைப் பார்த்தேன். பொன்னியும் பாஸ்மதியும் புழுங்கலும் கலந்திருந்தன. அந்தப் பையிலிருந்து சோறு வைக்குமுன் எடுத்துவைத்ததா, சாப்பிடாமல் திருப்பித் தந்ததா? புத்தகத்தைத் துடைத்து நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.