ஒரு ராடு எரியும் நேரம்

முதலில் இடது கன்னத்தில், காதோரமாக, ஒரு பொட்டு அளவுக்குத்தான் வெளுத்தது. அப்போது நான் ராயபுரத்தில் மாதா கோயிலை ஒட்டிய ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பவுடர் பூசிச் சமாளித்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. வெளுப்பு பரவி உள்ளங்கை அகலத்துக்கு வந்தபோது பவுடரும் கைவிட்டது. ஒரு பையனின் அம்மா தலைமை சிஸ்டரிடம் போய், "டீச்சருக்குப் பெரிய வியாதி வந்துகீது சிஸ்டர், எம்புள்ள கையப் புடிச்சி எழுத வெக்கிறாங்க" என்று அழுதாள். அடுத்த வாரம் பாதி பெஞ்சு காலி.

அது தொற்றாது என்று எனக்கும் தெரியும், சிஸ்டருக்கும் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "வீட்டில் இருந்து வைத்தியம் பாரும்மா. புது வருஷ வகுப்பு ஆரம்பிக்கும்வரை உன் இடத்தில் வேறு யாரையும் போட மாட்டேன்" என்றார். அதற்குமேல் அவரால் முடியாது என்பது அந்தப் பேச்சிலேயே இருந்தது. கல்யாணத்தை நான் அதற்கு முன்பே மனதிலிருந்து இறக்கி வைத்திருந்தேன். வகுப்பை இறக்கி வைக்க என்னால் முடியவில்லை.

அப்பா அம்மா போனபிறகு வீட்டில் அண்ணனும் நானும்தான். அவன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டர். பட்டறையில் சொல்லிவிட்டு, வாரம் ஒருமுறை என்னை பஸ்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குக் கூட்டிப் போவான். அங்கே கார்போகரிசி எண்ணெய் கொடுத்தார்கள். அதைத் தடவிக்கொண்டு இளவெயிலில் சிறிது நேரம் நிற்க வேண்டும். உச்சி வெயிலில் தலைகாட்டவே கூடாது. எண்ணெய் பூசாத நாளில் ஆஸ்பத்திரி விளக்கு.

விளக்கு அறையில் இரண்டு விளக்குகள் இருந்தன. சிவப்பு விளக்குக்குக் கூட்டமே இல்லை. ஊதா விளக்குக்கு வரிசை தாழ்வாரம்வரை நிற்கும். பொறுமை போய் ஒருநாள் டாக்டரிடம், "சும்மா இருக்கிற சிவப்பில் உட்காருகிறேனே, அதுதான் நன்றாகச் சுடுகிறது" என்றேன். நல்ல மனுஷர், சிரிக்கவில்லை.

"சுடும், கறுக்க வைக்காது. அது நீளமான அலை. மூட்டு வலிக்காரர்களுக்கு. உனக்கு வேண்டியது குட்டை அலை, அது கண்ணுக்கே தெரியாது. நீ பார்க்கிற ஊதா, கூட வருகிற வெளிச்சம்தான். ஒவ்வொரு அலைக்கும் தோலில் ஒவ்வொரு வேலை." பிறகு, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "வெளிநாட்டில் மாணிக்கக் கல்லை வைத்து ஒரே ஒரு அலையை மட்டும் வரவழைக்கிறார்கள். லேசர் என்று பெயர். கறுப்பைத் தேடிப்போய் அழிக்கும். பச்சை குத்தியதைக்கூட எடுத்துப் பார்க்கிறார்கள். உனக்கு அது ஆகாது. அழிப்பதற்கு உன்னிடம் கறுப்பு எங்கே இருக்கிறது?"

அண்ணன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நாளில் ஊதா விளக்கின் குழாய் போய்விட்டது. புதியது கப்பலில் வர வேண்டும் என்றார்கள். கப்பல் எப்போது வரும் என்பது துறைமுகத்துக்காரர்களான எங்களுக்கே தெரியாது. பள்ளி திறக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"பாப்பா, டாக்டரு சொன்ன வெளிச்சம் எங்க பட்டறைல தெனமும் கொட்டிக்கினு கீது. கேஸ் வெல்டிங் செய்றவன் கய்த்தப் பாரு, வந்த அன்னிக்கி இருந்தா மாரியே கீது. கரண்டுல ஆர்க் வெல்டிங் புடிக்கிறவன் கய்த்தப் பாரு, சட்ட தொறந்த எடமெல்லாம் கரிக்கட்ட. ரெண்டும் நெருப்புதான். அப்ப இன்னா வித்தியாசம்? வெளிச்சம்தான?"

சரி என்றேன். இன்றைக்கு யோசித்தாலும் அந்தப் பேச்சில் பிழை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பட்டறைக்குப் போனோம். யாரும் இல்லை. அவன் எவ்வளவு ஜாக்கிரதை என்று சொல்ல வேண்டும். வெளுத்த இடத்தைக் காகிதத்தில் வரைந்து, அதே வடிவத்தில் பழைய தோல் ஏப்ரனில் ஓட்டை போட்டு வைத்திருந்தான். கண்ணுக்கு நாலு மடிப்புக் கறுப்புத் துணி. முந்தின வாரமே தன் முழங்கையில் ஒரு வெல்டிங் ராடு எரிந்து தீரும்வரை அந்த வெளிச்சத்தைக் காட்டிப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று என்னிடம் காட்டினான். "உனக்கும் ஒரு ராடு எரியிற நேரம், அவ்ளோதான்" என்றான். ஏப்ரனை என் முகத்தில் பிடித்துக்கொண்டேன். ராடு இரும்பில் உரசிச் சடசடத்தது. சூடு லேசாகத்தான் தெரிந்தது. வலிக்கவே இல்லை.

அன்று விடியற்காலையில் கன்னத்தில் எண்ணெய் தடவியிருந்தேன். அவனுக்கும் தெரியும், அவன் கண்ணெதிரில்தான் தடவினேன். டாக்டர் உச்சி வெயிலில் போகாதே என்றுதானே சொல்லியிருந்தார்? பட்டறைக்குத் தகரக் கூரை. நிழலில்தான் இருக்கிறோம் என்று இருவரும் நினைத்தோம்.

மறுநாள் கன்னம் சிவந்தது. அதற்கு அடுத்த நாள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, வாய் திறக்க முடியாமல் வீங்கியது. அண்ணன் என்னைத் தூக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். டாக்டர் நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அவனைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"வெளிச்சத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாய். ஆனால் உன் கை வருஷக்கணக்காக அதில் வெந்த கை. இவள் கன்னத்தில் தடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. போதாததற்கு வெளிச்சத்தைத் தோலுக்குள் இழுக்கிற எண்ணெய் வேறு. வெளிச்சத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் ஆயிற்றா, தோலை யார் பார்ப்பது?"

அதற்குப் பிறகு அண்ணன் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான். தட்டு வைத்தால் தட்டைப் பார்ப்பான், பேசினால் சுவரைப் பார்த்துப் பேசுவான். கன்னம் எரிந்ததைவிட எனக்கு அதுதான் எரிந்தது. "என் மூஞ்சி அவ்வளவு கலீஜா இருக்கா?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். எழுந்து வெளியே போய்விட்டான்.

பள்ளி திறந்த அன்று, புண் ஆறிச் சுருங்கி, சிவப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கிடந்த கன்னத்தோடு போனேன். பவுடர் பூசவில்லை. சிஸ்டர் என்னைப் பார்த்து ஒரு நொடி தயங்கி, வகுப்புச் சாவியைக் கொடுத்தார். முதல் ஆளாக வந்து நின்றவள் போன வருஷம் அழுத அதே அம்மா. இப்போது சின்ன மகனைக் கொண்டுவந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ஐயோ டீச்சர், சுட்டுகினியா? ஸ்டவ்வு வெடிச்சிதா?" என்று கையை நீட்டி என் கன்னத்தைத் தடவினாள்.

மாதக்கணக்காக டாக்டரைத் தவிர அந்த இடத்தை யாரும் தொட்டதில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிலைத்துவிடும். எனக்குக் கோபம்தான் வந்தது. நெருப்புப் பட்டால் பாவம், தானாக வெளுத்தால் பாவமில்லையா?

"சுட்டதுதான். ஆனா அடியில அதே வெள்ளைதான் இருக்கு. நீங்க பயந்தது இதுக்குத்தான். இப்பத் தொட்டுட்டீங்க" என்றேன்.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். அதற்குள் பையன் உள்ளே ஓடி முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சாயங்காலம் வந்து இட்டுகினு போறேன் டீச்சர்" என்றாள். போகிற வழியில் கையைத் துடைத்தாளோ என்னவோ தெரியாது. பார்க்கக் கூடாது என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் சொன்னேன்.

"தொட்டாங்களா?" என்று தட்டைப் பார்த்தே கேட்டான்.

"தொட்டாங்க."

"எங்க?"

"பாத்தாத்தானே தெரியும்" என்றேன்.

நிமிர்ந்தான். வெகுநேரம் பார்த்தான். "வெள்ளைக்கு நடுவுல பொட்டுப் பொட்டா கறுப்பு வந்துகீது, பாப்பா" என்று சொல்லிவிட்டு, சோற்றுக் கையோடு அழுதான்.