ஆளுக்கு ரெண்டு டிவிடி

என் மாமனார் எழுமலையில் விவசாயம் பார்ப்பவர். அவருக்கு இரண்டு மருமகன்கள். மூத்தவன் நான், கோச்சடையில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தேன். இளையவர் என் சகலை. பசுமலையில் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை. மாமனார் எங்கள் இருவரையும் தராசில் நிறுத்தித்தான் நடத்துவார். தீபாவளிக்கு ஒரே கரை வேட்டி, ஒரே விலைச் சட்டை. கோழி அடித்தால் ஈரலைக்கூட ஆளுக்குப் பாதியாக வைக்கச் சொல்வார். இத்தனை இருந்தும் எனக்குள் ஒரு பொருமல். அதே ஈரல் சகலையின் இலையில் கிடக்கும்போது மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

மச்சினன் கல்யாணம் முடிந்து வீடியோக்காரர் நான்கு டிவிடி கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் கவலை. காரணம் நான்தான். என் கல்யாண சிடியில் கீறல் விழுந்து, நான் தாலியைத் தூக்கிப் பிடித்த இடத்தில் படம் நின்றுவிடும். எத்தனை முறை போட்டாலும் கட்டவே மாட்டேன். “தாலியோட நிக்கிற மாப்ள” என்று சொந்தத்தில் எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

மச்சினன் துபாயில் வேலை பார்ப்பவன். கல்யாண லீவு முடிந்து கிளம்புவதற்குள் நான்கு டிவிடியையும் சுருக்கி, இரண்டு சிடியில் அடக்கிக் கொடுத்துவிட வேண்டும், நம்மிடமும் ஒரு நகல் இருக்க வேண்டும் என்று முடிவானது. நானும் சகலையும் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தோம். இரண்டு பேருக்கும் கருப்புத் திரையில் கட்டளை அடித்து வேலை வாங்குகிற பைத்தியம். ஆனால் நான்தான் முதலில் பழகியவன். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியைப் போட்டு, யாரையும் கேட்காமல் கற்றுக்கொண்டவன். அவர் எனக்குப் பின்னால் வந்தவர். பேர் மட்டும் எனக்கு முன்னால் அவருக்குப் போய்விட்டது.

மாமனார் தராசை எடுத்தார்.

“மூத்த மாப்ளைக்கு மொத ரெண்டு. சின்ன மாப்ளைக்கு அடுத்த ரெண்டு. யாருக்கும் கொறை இருக்கக் கூடாது.”

உலகத்தில் ஒரு கல்யாணத்தை இப்படிப் பாகம் பிரித்துச் சுருக்கியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். முகூர்த்தம் என் பங்குக்கு வந்தது. சாயங்கால வரவேற்பு அவர் பங்குக்குப் போனது.

இரண்டு வாரம் கழித்து எழுமலை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். முதலில் என் சிடி. மணமேடை வந்தது. நாத்தனார் முடிச்சுப் போட்டது என் மனைவி. மூத்த அக்கா என்ற உரிமையில் கிடைத்த பெருமை அது. அந்த இடத்தில் ஆட்கள் எழுந்து அட்சதை போட்டார்களா, படம் கட்டம் கட்டமாக உடைந்து கலங்கிப் போனது. அடுத்து சகலையின் சிடி. வரவேற்பு மேடையில் என் கொழுந்தியாள் நிற்கிறாள். மூக்குத்திக் கல் மின்னுவதுவரை தெரிகிறது. பாதி ஓடுவதற்குள் கரண்ட் போனது. எனக்கு மட்டும் அது நல்லதாகப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

“முடிச்சுப் போட்டது நானா, சமையக்காரம்மாவா? என் தங்கச்சி சும்மா வந்து நின்னதுக்கு அம்புட்டு வெளிச்சம். நான் மட்டும் புகைக்குள்ள நிக்கிறேன். இதைத்தான் என் தம்பி துபாய்க்குத் தூக்கிட்டுப் போகணுமாக்கும்?”

“நானும் அதே கட்டளைதான் போட்டேன்.”

“அப்ப அவர்ட்ட கேளுங்க. கேட்டா நாக்கா தேய்ஞ்சுரும்?”

நாக்கு தேயாது. வேறு என்னவோ தேயும். மூன்று நாள் தள்ளிப் போட்டேன். மச்சினன் கிளம்பும் நாள் நெருங்கியதும் வேறு வழியில்லாமல் போன் போட்டேன்.

“அண்ணே, நீங்க ஒரு தடவதான ஓட்டுனீங்க?” என்றார் சகலை. “ரெண்டு தடவ ஓட்டணும்ணே. மொதத் தடவ அது சுருக்காது. எங்க கூட்டம் அசையுது, எங்க சும்மா நிக்குதுன்னு பாத்து வச்சுக்கிரும். ரெண்டாவது தடவ அசையிற எடத்துக்கு நெறய எடம் ஒதுக்கும். எழுதிக்கங்க, சொல்றேன்.”

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

“இப்ப ஒரு கோடு.”

“நெட்டையா, படுக்கையா?”

“படுக்கைண்ணே. அதுக்கு முன்னாடி ஒரு எடம் விட்டீங்களா?”

“விட்டேன், விட்டேன்.” விடவில்லை. அப்புறம் விட்டேன்.

அவர் பொறுமையாகச் சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல் ஏறியது. கொஞ்சம் சலித்துக்கொண்டாலாவது கோபப்பட ஒரு சாக்கு கிடைத்திருக்கும். அதையும் கொடுக்கவில்லை மனுசன்.

படம் பளிங்காக வந்தது. மனைவி தன் கை முடிச்சுப் போடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். “மோதிரம்கூட தெரியுதுங்க” என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதற்குள் கொழுந்தியாள் எழுமலைக்குப் போன் போட்டு, “எங்க வீட்டுக்காரரு சொல்லிக் குடுத்துத்தான் மாமா பண்ணுனாரு” என்று சொல்லிவிட்டாள்.

மச்சினன் கிளம்புவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மறுபடியும் எழுமலை, மறுபடியும் எல்லோரும். என் சிடி ஓடி முடிந்ததும் மாமனார், “சின்ன மாப்ள கைவண்ணம் தெரியுது” என்றார். ஒரே வரி. மத்தியானச் சோறு எனக்கு இறங்கவில்லை.

சகலையின் சிடி போட்டார்கள். அரிசியில் கல் பார்ப்பதுபோல் நான் குறை தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அன்றைக்குப் பார்த்து கரண்ட்டும் போகவில்லை. கடைசியில் மாமனார் மேடை ஏறி மைக்கைப் பிடித்து, வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். சொல்லி முடித்து, வாயை மூடி, மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்குகிறார். குரல் மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

“என்னப்பா இது, நான் வாய மூடிட்டேன், பேச்சு நிக்கலையே?”

“எப்பவும் நடக்குறதுதான” என்றார் மாமியார்.

வீடே சிரித்தது. சகலையின் முகம் சுண்டிப் போனது. படம் ஓட ஓடச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கியிருக்கிறது. முதல் பாதியில் யாருக்கும் தெரியாது. அந்தக் கோளாறு எனக்குப் பழைய பகையாளி. கட்டளையில் சேர்க்க வேண்டிய ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

சகலை என் பக்கம் சாய்ந்தார். “அண்ணே, உங்க பாகத்துல சத்தம் எப்பிடிண்ணே சரியா நிக்குது?”

“அதுக்கு ஒண்ணு இருக்கு தம்பி. எனக்கு மனப்பாடம் கெடையாது. என் கம்ப்யூட்டர்ல இருக்கு.”

“நாளைக்கு அவரு கெளம்புறாரேண்ணே.”

“அப்ப இப்பவே வாங்க. படத்தத் தொட வேணாம், சத்தத்த மட்டும் திரும்பப் பொருத்துனாப் போதும்.”

“வாரேண்ணே” என்று டிவிடிகளை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு என் வண்டியில் பின்னால் ஏறினார்.

வேலை அன்றைக்கே முடிந்தது, மச்சினனும் கொண்டுபோனான். எனக்கு நினைவில் நிற்பது அந்தப் பயணம்தான். விரட்டியிருந்தால் பொழுதோடு கோச்சடை சேர்ந்திருக்கலாம். நான் விரட்டவில்லை. உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு வந்ததும் இன்னும் மெதுவாக்கினேன். சொந்தக்காரர் யாராவது நின்று, சகலை என் பின்னால் உட்கார்ந்து வருவதைப் பார்க்க மாட்டார்களா என்று இரண்டு பக்கமும் தேடினேன்.

“வண்டியில ஏதும் கோளாறாண்ணே?” என்றார் பின்னால் இருந்து.

“இல்ல தம்பி, ரோடு சரியில்ல” என்றேன்.